பெல்ட் பிடியில் ஒரு பல்செட்

அந்தத் தேங்காய் எண்ணெய் மில்லில் இஞ்சின் ட்ரைவராகச் சேர்ந்த முதல் நாள், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய பல்லைப் பார்த்துவிட்டேன்.

இஞ்சினுக்குப் பக்கத்துச் சுவரில் நீளமாக ஓர் இரும்புப் பிடி இருந்தது. அதில் கைக்குட்டை அளவில் கட்டம் போட்ட லேஞ்சி ஒன்று முடிச்சாகத் தொங்கியது. யாரோ வெற்றிலை பாக்கை முடிந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கும் வாய் நமநமத்துக்கொண்டிருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு அவிழ்த்தால், மேல் வரிசையும் கீழ் வரிசையுமாக முழுப் பல்செட். சிவந்த ஈறு, வெள்ளைப் பல், என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு. கீழே போட்டிருப்பேன், ஏதோ நல்ல காலம்.

"ஐயோ, அதைத் தொடாதீங்க!" என்று பொயிலருக்கு நெருப்புப் போடுகிற யோசேப்பு கத்தினான். "அது பாஸுட பல்லு. பாஸ் உள்ளுக்க இருக்கிறார்."

"எதுக்குள்ள?"

"பானுக்குள்ள. அவர் வந்து பல்லைப் போடுமட்டும் அந்தப் பிடியில யாரும் கை வைக்கக் கூடாது."

கொழும்பில் உளியோ சுத்தியலோ பிடிக்கத் தெரிந்த எவரும் பாஸ்தான். எங்கள் மில்லில் பாஸ் என்றால் அவர் ஒருவர்தான். இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிற வேலை முழுவதும் அவருடையது. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று நான் கேட்டதேயில்லை. இப்போது கேட்கலாமென்றால் சொல்ல ஆள் இல்லை.

மில் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, களனி ஆற்றுக்குக் கிட்ட இருந்தது. அக்கரையில் பேலியகொடை. வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த நான் காலையில் கோட்டைவரை ரயில், பிறகு டிராம் கார், மிச்சத்துக்கு நடை என்று வந்து சேர்வேன். வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம். எண்ணெய்க்கு எங்கிருந்தெல்லாமோ கேட்டு வந்தது. மில்லை நடத்திய துரைக்கு அவசரம், துரையைவிட எனக்கு அவசரம். சொன்ன நேரத்துக்கு முன்பே பானை ஓடவிட்டு, துரை மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டுவதைக் காண்பதில் எனக்கு அப்படியொரு பெருமை. அந்தப் பெருமைக்குக் குறுக்கே தொங்கியது பாஸின் பல்.

பான் என்பது இரண்டு ஆள் உயரமான இரும்புப் பாத்திரம். எண்ணெயையும் ஒருவகை வெள்ளைக் களிமண்ணையும் அதற்குள் விட்டு, நீராவியால் சூடாக்கி, உள்ளேயிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்தபடி கலக்குவோம். வெக்கூம் போடுகிறது என்போம். கலங்கல் எண்ணெய் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். கலக்குவதற்குப் பானுக்குள் நான்கு இரும்புத் துடுப்புகள். இஞ்சின் சுழற்ற, கூரையோரம் ஓடுகிற பெரிய தண்டிலிருந்து ஒரு பெல்ட் இறங்கி வரும். என் பக்கத்துப் பிடியைத் தள்ளினால் பம்பும் ஓடும், துடுப்பும் சுற்றும். பிடி இருந்தது கீழ்த் தட்டில். பானின் வாய் இருந்தது மேல் தட்டில். இங்கே நிற்கிறவனுக்கு அங்கே யார் இருக்கிறார் என்று தெரியாது.

ஏழு நாளுக்கு ஒருமுறை, கிழமை தவறாமல், பாஸ் அந்த வாய் வழியாக இறங்கி, காய்ந்து பிடித்த களிமண்ணைச் சுரண்டி, துடுப்பு ஆணிகளை இறுக்குவார். அந்த நேரம் பார்த்து யாராவது பிடியைத் தள்ளினால் பாஸைக் கரண்டியால்தான் அள்ளவேண்டியிருக்கும். பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டால் ஒரு பயமும் இல்லை. ஆனால் பெல்ட்டைக் கழற்ற இஞ்சினை நிறுத்தவேண்டும். இஞ்சின் நின்றால் கொப்பரை வெட்டுகிற மெசினிலிருந்து செக்குவரை முழு மில்லும் நிற்கும். பாஸ் ஒவ்வொரு முறையும் போய்க் கேட்பார். துரை ஒவ்வொரு முறையும் முடியாது என்பார். அவர் திரும்பி வந்து பல்லைக் கழற்றி லேஞ்சியில் முடிவார்.

முன்பு ஒரு பூட்டுப் போட்டுப் பார்த்தார்களாம். அதற்கு மூன்று திறப்பு. ஒன்று பாஸிடம், ஒன்று ஸ்டோரில், ஒன்று துரையின் மேசை லாச்சியில்.

"மூண்டு திறப்பு இருந்தா அது பூட்டே இல்லை, ட்ரைவர்" என்றார் பாஸ். "என்ட பல்லுக்கு ரெண்டாம் திறப்பு கிடையாது. அடுத்தவன்ட பல்லை எவனாவது தொடுவானா, சொல்லுங்க பாப்பம்?"

நான் தொட்டிருந்தேன். ஆனால் சொல்லவில்லை.

பல்லை எடுத்ததோடு காரியம் முடிந்துவிடாது. வேலை முடிந்து வெளியே வந்து, கை கழுவி, பிடியில் இருக்கிற பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு, நேரே என் முன்னால் வந்து நிற்பார். வாயை அகலத் திறந்து இரண்டு வரிசையும் தெரிய ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகுதான் நான் பிடியைத் தள்ளலாம். கோயிலில் பூசை முடிந்து திரை விலகக் காத்து நிற்பதைப்போல நான் நிற்கவேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன் பாஸ் இந்தக் கூத்து? நீங்கள் பல்லை எடுத்ததைக் கண்ணால கண்டிட்டன். பிறகென்ன?"

"பல்லை எவனும் எடுக்கலாம். சிரிக்கிறதுக்கு நான்தான் வரவேணும்."

ஒருநாள் அவசரத்தில், அவர் பல்லை எடுத்த கையோடு பிடியைத் தள்ளிவிட்டேன். ஆள் பக்கத்தில் நிற்கிறார், யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் பாஸ் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. தேநீர் குடிக்கிற நேரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஒரு கிழமையும் எனக்குத் தேநீர் இறங்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான உடம்பு, காக்கிக் காற்சட்டை, எண்ணெய் ஊறிய பெனியன். அந்த வயதில் எப்படி முழுப் பல்லும் போனது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார். யோசேப்புக்குச் சொன்ன கதையில் பம்பின் கைப்பிடி திருப்பி அடித்தது. எனக்குச் சொன்ன கதையில் பானின் மூடி. பயம் வரட்டும் என்று சொல்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். பல்செட் புறக்கோட்டையில் ஒரு சீனப் பல் டொக்டர் கட்டிக் கொடுத்தது. அதை மாட்டினால் பாஸின் குரல் மில் சத்தத்தை மீறிக் கேட்கும். கழற்றினால் பாதிச் சொல் காற்றாகப் போய்விடும்.

கண்ணுக்குத் தெரிவதை நம்பாதவர் என்றால் அது அவர்தான். பானைத் திறப்பதற்கு முன் மூடியிலிருக்கும் சின்னக் குழாயைத் திருகி உள்ளே மெல்ல மெல்லக் காற்று விடவேண்டும். உஸ் என்று இழுக்கும். மீற்றர் ஊசி பூச்சியத்துக்கு வந்தால் வெக்கூம் போய்விட்டது, மூடியைத் திறக்கலாம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. பாஸ் பையிலிருந்து பட்டம் கட்டுகிற கடதாசியில் ஒரு துண்டை எடுத்துக் குழாய் வாயில் பிடிப்பார். கடதாசி ஒட்டிக்கொண்டால் ஸ்பனரைத் தொடமாட்டார். சும்மா தொங்கினால்தான் ஆணியைக் கழற்றுவார்.

ஒருமுறை ஊசி பூச்சியத்தில் நிற்கிறது, கடதாசி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

"பூச்சியம் பாஸ், பூச்சியம்!" என்று நான் மீற்றரைத் தட்டிக் காட்டினேன்.

"வெக்கூம் போயிட்டு எண்டு ஊசி சொல்லுது. கடதாசி இருக்கு எண்டு சொல்லுது. ரெண்டில ஒண்டு பொய். கடதாசியை நான் இண்டைக்குத்தான் வாங்கினனான்."

கழற்றிப் பார்த்தபோது மீற்றருக்குள் துரு ஏறி ஊசி இறுகியிருந்தது. அரைகுறை வெக்கூமோடு மூடியை நெம்பியிருந்தால் காற்று ஒரே இழுவையில் நெம்பினவனின் விரலையும் கொண்டு போயிருக்கும். நெம்பக் காத்து நின்றவன் நான்தான்.

பானுக்குள் பாஸ் இறங்கும்போது வாயருகே ஓர் ஆள் நிற்கவேண்டும். அது பியசேனவின் வேலை. பாஸைவிட மூத்த சிங்கள மனிதர், பேரப்பிள்ளை கண்டவர். கோபம் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஆள். ஒருநாள் காற்றுக் குழாய்க்குக் கிட்ட நின்றதில் அவர் இடுப்பில் உடுத்திருந்த சாரத்தின் நுனியைக் குழாய் கவ்விக்கொண்டது. காற்றை விட்டு முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அதுவரை ஒரு கையால் சாரத்தை இடுப்போடு பிடித்துக்கொண்டு, குதிக்காலை உயர்த்தியபடி மனிதர் நின்றார். செக்கடியிலிருந்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். யோசேப்பு தரையில் உருண்டு சிரித்தான்.

"சாரம் எண்டபடியால் சிரிக்கிறீங்க" என்றார் பாஸ். "அந்த இடத்தில விரல் இருந்தா?"

சிரிப்பு நின்றது. பியசேன அப்படியே நின்றபடி பாவமாகத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைக் கண்டதும் பாஸுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசி வீடு. நான் போனபோது வாசலில் ஓர் ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் முதல் படியில் லேஞ்சி தொங்கியது. எனக்கு விளங்கிவிட்டது. அண்ணாந்து பார்த்தால் பாஸ் ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

"வாங்கோ தம்பி" என்று அவருடைய மனைவி வந்தார். "இந்த மனுசன் கூரையில ஏறினா வீட்டுக்கு வாற ஆக்களுக்கு முதல்ல பல்லுத்தான் வரவேற்புச் சொல்லும். ஏணியை ஆரோ எடுத்துக்கொண்டு போயிருவாங்களாம். இந்த ஒழுங்கையில ஏணி களவெடுக்க ஆர் இருக்கினம்?"

சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகக் கேட்டேன். "அக்கா, இவருக்குப் பல்லு எப்பிடிப் போனது? பம்ப் அடிச்சதா, மூடி அடிச்சதா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கித்துள் கருப்பட்டி அடிச்சது. சின்ன வயசிலயிருந்து படுக்கையிலயும் வாய்க்குள்ள கருப்பட்டிதான். முப்பது வயசில ஒண்டொண்டா எல்லாம் ஆடிப் போச்சு."

பாஸ் காது கேட்காதவர் மாதிரி கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் இதைச் சொல்லக் கூடாது என்று வாசல் படலைவரை வந்து என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் மறுநாளே யோசேப்பிடம் சொல்லிவிட்டேன்.

பழைய துரை போய்ப் புதிதாக வந்த துரை பிடியிலிருந்த லேஞ்சியைக் கண்டதும் இது என்ன என்று கேட்டார். யோசேப்பு சந்தோசமாக அவிழ்த்துக் காட்டினான். துரையின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். மறுநாளே ஒரு பலகை வந்தது, ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று இங்கிலீசில் அழகாகச் சிவப்பு எழுத்தில் எழுதி. இனிமேல் பலகைதான், பல் கூடாது என்றார். பாஸ் ஓம் சேர் என்று பலகையை மாட்டினார். துரை போனதும் அதற்குப் பின்னால் பல்லைத் தொங்கவிட்டார். மில்லில் அந்தப் பலகையை வாசிக்கக் கூடியவர்கள் நான்கு பேர். இரண்டாம் கிழமை பலகையைக் காணவில்லை. தேடிப் போனால் செக்கடியில் ஒருவன் அதைக் கவிழ்த்து வைத்துக் கருவாடு வெட்டிக்கொண்டிருந்தான். நல்ல பலகை, பாஸ் என்றான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று காலையிலிருந்தே எனக்கும் பாஸுக்கும் சரியில்லை. ஒரு மணிக்குப் பான் ஓடவேண்டும் என்பது துரையின் கட்டளை. எண்ணெய் மேல் தாங்கியில் நிரம்பி, பானுக்குள் விழக் காத்து நிற்கிறது. துடுப்பு ஒன்று ஆட்டம் கண்டிருக்கிறது, அவசரப்பட ஏலாது என்கிறார் பாஸ். வழக்கம்போலப் பல்லை முடிந்து மாட்டிவிட்டு உள்ளே இறங்கிவிட்டார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. நான் கோபத்தோடு பின்பக்கக் கொட்டிலுக்குப் போய், பாண் ரொட்டியையும் சம்பலையும் விழுங்கிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் பிடியில் லேஞ்சி இல்லை.

அப்பாடா என்றிருந்தது. யோசேப்பு பொயிலர் பக்கமிருந்து, "ட்ரைவர், ஸ்டீம் வீணாப் போகுது, விடுங்க!" என்று கத்தினான். பிடியில் கை வைத்துத் தள்ளினேன். ஓர் அங்குலம் நகர்ந்தது. மேலே பெல்ட் கிறீச்சிட்டது.

அந்த நொடியில் எனக்குக் கோபம் வந்தது. நல்ல புத்தியோ பயமோ வரவில்லை, வெறும் கோபம்தான் வந்தது. இவ்வளவு நாளும் என்னை நிறுத்தி வைத்துச் சிரித்துக் காட்டிய மனிதர், இன்றைக்கு மட்டும் எனக்கு முகம் காட்டாமல் சாப்பிடப் போய்விட்டாரா? நான் என்ன அவ்வளவு கேவலமா? பிடியைத் திருப்பி இழுத்துவிட்டு, நாலு கேள்வி கேட்கலாம் என்று இரும்பு ஏணியில் ஏறினேன். மேல் தட்டில் பாஸின் சாப்பாட்டுக் கரியர் திறக்காமல் இருந்தது. பியசேனவைக் காணவில்லை. பானின் வாய் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

துடுப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி பாஸ் ஆணி இறுக்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வெள்ளைக் களிமண். என் தலையைக் கண்டதும் பல்லில்லாத வாயைத் திறந்து, "சோறு வந்திட்டா?" என்றார்.

இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

"வெளியில வாங்கோ பாஸ்."

"இன்னும் ரெண்டு ஆணி..."

"வாங்கோ எண்டு சொல்றன்!"

அது என்னுடைய குரல் மாதிரியே இல்லை. பாஸ் ஸ்பனரைப் போட்டுவிட்டு ஏறி வந்தார். அப்போது பின்னால் பியசேன வந்தார். கையில் ஒரு வாழையிலைத் துண்டு, அதன்மேல் பளபளவென்று பல்செட், தோளில் லேஞ்சி. உப்புப் போட்டு நன்றாகத் தேய்த்ததாகத் தனக்குத் தெரிந்த தமிழில், சிங்கள மரியாதையைப் பாஸோடு ஒட்டிச் சொன்னார். "பாஸுன்னாஹே பசி. பல்லு இல்லாம எப்பிடி சோறு? அதுதான் கழுவிக் கொண்டுவந்தது." முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

பாஸ் பல்லைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பியசேனவுக்குக் கடைசியாக விளங்கியது. அந்த வயதான மனிதர் தட்டில் குந்தி, வாழையிலையை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். பாஸ் அவருடைய தோளில் கை வைத்தார். புதுப் பல்லு மாதிரி இருக்கு என்று சிங்களத்தில் சொன்னார்.

பிறகு பல்செட்டை எடுத்து லேஞ்சியில் வைத்தார். இரண்டு ஆணி மிச்சமிருக்கிறதே. முடிச்சுப் போடப் பார்த்தார். முடிச்சு விழவில்லை. மறுபடியும் பார்த்தார். நழுவியது. இத்தனை வருசத்தில் அவருடைய முடிச்சு நழுவி நான் கண்டதில்லை.

நான் ஏணியால் இறங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. இஞ்சினுக்கு ஸ்டீம் போகிற வால்வை மூடிவிட்டேன்.

கூரையோரத் தண்டு மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. செக்கு நின்றது, கொப்பரை மெசின் நின்றது. மில்லில் இருந்த அவ்வளவு பேரும் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். ஆற்றங்கரைக் காகம் கத்துவது முதல் முறையாக உள்ளே கேட்டது. துரை மணிக்கூடும் கையுமாக ஓடி வந்தார்.

"யார் நிறுத்தியது?"

"நான்தான் சேர். பெல்ட்டைக் கழற்றப் போறம். கழற்றாமல் இந்தப் பிடியில் நான் இனிக் கை வைக்கமாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். வெள்ளவத்தை அறையைக் காலி செய்துவிட்டு எந்த ரயிலில் ஊருக்குப் போவது என்றுகூட யோசித்துவிட்டேன். துரை மேலே அண்ணாந்து, களிமண் பூசிய முகத்தோடு பல்லில்லாமல் எட்டிப் பார்க்கிற பாஸைப் பார்த்தார். பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிற பியசேனவைப் பார்த்தார். என்ன விளங்கியதோ, மணிக்கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சீக்கிரம் செய்யுங்கள் என்று திரும்பிப் போனார். அதற்குப் பிறகு பாஸ் பெல்ட்டைக் கழற்றக் கேட்டு ஒருநாளும் அவர் மறுத்ததில்லை.

பெல்ட்டைக் கழற்றினோம். பாஸ் போய் இரண்டு ஆணியையும் இறுக்கினார். பிறகு கை கழுவிப் பல்லை மாட்டிக்கொண்டு, பியசேனவையும் பக்கத்தில் இருத்தினார். கரியரில் இருந்ததை இருவரும் பாதி பாதியாகச் சாப்பிட்டார்கள். நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பெல்ட்டைத் திரும்பப் பூட்டி இஞ்சினை ஓடவிட்டபோது இரண்டரை மணி.

நான் பிடியருகே போய் நின்றேன். பாஸ் வந்து என் முன்னால் நின்றார். வாயை அகலத் திறந்து, மேல் வரிசையும் கீழ் வரிசையும் தெரியச் சிரித்தார்.

பிடியில் கை வைத்தேன். கை தள்ளமாட்டேன் என்றது.

"இன்னொருக்காச் சிரியுங்கோ பாஸ்."

சிரித்தார். முன் பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு கீரைத் துண்டு ஒட்டியிருந்தது. அதைக் கண்ட பிறகுதான் தள்ளினேன்.